பார்வை பழகு – 9: கொய்யா மரத்தின் தோல்

இந்த வாரம் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலைக்கும் கடலுக்கும் அலைய வேண்டாம். கொல்லைப்பக்கம் போனால் போதும். அங்கே ஒரு கொய்யா மரம் நின்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

கொய்யாவின் பட்டை உரிந்துகொண்டே இருக்கும். மேல்தோல் செம்பு நிறத்தில் காய்ந்து, ஓரம் சுருண்டு, மெல்லிய தாளாகப் பிரிந்து தொங்கும். அது உதிர்ந்த இடத்தில் இளம்பச்சை. உதிர்ந்து கொஞ்ச நாளான இடத்தில் சாம்பல் பூத்த பழுப்பு. ஒரு சாண் உயரத்துக்குள் நாலைந்து நிறங்கள் ஒன்றின் கரையில் ஒன்று ஒதுங்கி நிற்கும். முழு மரத்தையும் எடுத்தால் அது கொய்யா மரத்தின் படம். அந்த ஒரு சாணை மட்டும் ஃபிரேம் முழுக்க நிரப்பிவிட்டால், பார்ப்பவருக்கு மரம் என்ற நினைப்பே வராது. நிறமும் கோடும்தான் கண்ணில் நிற்கும்.

இதன் சூட்சுமம் அளவில் இருக்கிறது. ஓர் இலையோ, எறும்போ, துளி வானமோ உள்ளே வந்துவிட்டால், கண் அதை வைத்து மற்றதையெல்லாம் அளந்துவிடும். அளந்ததும் பெயர் சொல்லிவிடும். பெயர் தெரிந்த பொருளை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அதனால்தான் ஷட்டரை அமுக்கும் முன் ஃபிரேமின் நாலு ஓரத்தையும் ஒருமுறை சுற்றி வருவேன். காட்டிக்கொடுப்பது ஓரத்தில்தான் ஒளிந்திருக்கும்.

இதை நான் ஒரு கண்மாயில் கற்றுக்கொண்டேன். சித்திரை மாதம், தண்ணீர் வற்றி வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. விடிகாலையில் போய்ச் சாய்வெயிலில் நாற்பது படம் எடுத்தேன். ஒவ்வொரு வெடிப்பிலும் ஒரு பக்கம் நிழல், ஒரு பக்கம் வெளிச்சம். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், இருப்பதில் நல்ல படத்தின் கீழ் மூலையில் ஓர் ஆட்டுப் புழுக்கை. அதைப் பார்த்த கணமே படம் கண்மாய்த் தரையாகச் சுருங்கிவிட்டது. விரலால் மறைத்தேன், மறுபடி விரிந்தது. ஒரு புழுக்கைக்கு அவ்வளவு பலம். மூலையை வெட்டியிருக்கலாம், வெட்டினால் கோடுகளின் ஓட்டம் அறுந்துபோயிருக்கும். மறுநாள் திரும்பப் போனேன்.

அந்த இரண்டாம் நாள்தான் வெடிப்புகளையே ஒழுங்காகப் பார்த்தேன். மேல்மண் காய்ந்து சுருங்கப் பார்க்கிறது, கீழே ஈரமண் அதை விடாமல் பிடித்துக்கொள்கிறது, அந்த இழுபறியில் தரை பிளக்கிறது. பின்னால் வரும் வெடிப்பு முன்பே இருப்பதில் போய் முட்டுச்சந்துபோல் நேராக முட்டி நிற்கும். நனைந்தும் காய்ந்தும் பலமுறை வெடித்த தரையில் கதை வேறு. அங்கே மூன்று கோடுகள் கவட்டைபோல் கூடும், பாளங்கள் ஆறுபக்க வடிவத்தை நெருங்கும். இது தெரிந்தபின் கண்மாயின் எந்தப் பக்கம் டிரைபாடை நிறுத்துவது என்று தடுமாற வேண்டியிருக்கவில்லை. நான் தேடிய அமைதி கவட்டைக் கோடுகளில் இருந்தது.

அளவை எடுத்துவிடும் இந்த வேலை பழையது. ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1922இல், நியூயார்க் மாநிலத்தின் லேக் ஜார்ஜ் ஏரிக்கரையில், மேகங்களைப் படமெடுக்கத் தொடங்கினார். முதல் படங்களில் கீழே மலை இருந்தது. பிறகு கேமராவை இன்னும் அண்ணாத்திப் பிடித்து மலையை வெளியே தள்ளிவிட்டார். 1925 முதல் 'ஈக்விவலென்ட்ஸ்' என்ற பெயரில் வந்த படங்களில் பெரும்பாலானவற்றுக்கு மேல், கீழ் என்று ஒன்று கிடையாது. அச்சோ உள்ளங்கை அகலம்தான்.

ஆரன் சிஸ்கிண்ட் என் மனசுக்கு இன்னும் நெருக்கம். 1930களில் ஹார்லெம் மக்களின் வாழ்க்கையைப் பதிவுசெய்த ஆவணப் புகைப்பட ஆள் அவர். 1940களில் மணலில் ஒதுங்கிய கடற்பாசி, பாறை, பெயின்ட் உரிந்த சுவர் என்று திரும்பிவிட்டார். மனிதரை விட்டுவிட்டாரே என்று அவர்மேல் குறைப்பட்டவர்கள் உண்டு. அந்தச் சுவர்களைப் பார்க்கும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு முகத்துக்குக் கொடுக்கும் கவனத்தை அவர் சுவருக்கும் கொடுத்திருக்கிறார். கேமராவைச் சுவருக்கு நேர் எதிரே நிறுத்தி, ஆழமே தெரியாமல் எடுப்பது அவர் வழக்கம்.

கொய்யாவுக்கும் அதே வழிதான். தண்டு உருண்டை என்பதால் ஓரங்கள் ஃபோகஸ் விட்டு நழுவும். அகலமான அடிமரமாகப் பார்த்து நேர் எதிரே நின்று அப்பர்ச்சரை எட்டிலிருந்து பதினொன்றுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வெடிப்புக்குச் சாய்வெயில் வேண்டும். நிறத்தை நம்பும் பட்டைக்கு மேகமூட்டம்தான் நல்லது. மழை விட்ட அரைமணிக்குள் போனால் செம்பு கறுத்து, பச்சை தெளிந்து நிற்கும். ஈரம் பளபளத்தால் போலரைசர் ஃபில்டரைத் திருகிப் பாருங்கள். செல்போன் போதுமா என்று கேட்பவர்களுக்கு: போதும். ரொம்ப ஒட்டிப் போகாதீர்கள், உங்கள் நிழலே பட்டையில் விழும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். பட்டையில் யானைத் தலையோ பிள்ளையாரோ தெரிந்தால் கேமராவைக் கொஞ்சம் நகர்த்திவிடுங்கள். 'அட, பிள்ளையார்!' என்றதோடு அந்தப் படம் தீர்ந்துபோகும்.

போன ஆவணியில் எடுத்த கொய்யாப் படம் ஒன்றைப் பெரிதாக அச்சுப்போட்டுக் கூடத்தில் மாட்டினேன். மரம் நின்ற வாக்கிலேயே, நிமிர்த்தி. அம்மா ரெண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், "இது படுத்தாத்தான்டா நல்லாருக்கும்" என்று சொல்லி ஆணியிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தாள். சட்டத்தின் பின்பக்கம் கொக்கியை மாற்றி அடித்தேன். செம்புத் துண்டு இப்போது பச்சைக்கு மேலே மிதக்கிறது. அப்படியேதான் மாட்டியிருக்கிறது.