கோல்கீப்பருக்கு யாரு ஓட்டு போடுவா?

இந்த எபிசோட் ஒரு டீக்கடையில ஆரம்பிச்ச பஞ்சாயத்து. பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் நானும் என் அரியலூர் நண்பனும் டீ குடிச்சிக்கிட்டு, பிரீமியர் லீக் ஹால் ஆஃப் ஃபேம் பத்தி ஒரு வீடியோ பார்த்துக்கிட்டு இருந்தோம். 2021-ல ஆலன் ஷியரரையும் தியரி ஹென்றியையும் வெச்சு ஆரம்பிச்சாங்களே, அது. திடீர்னு அவன் கேட்டான்: "டேய், நம்ம ஊருக்கு இப்படி ஒண்ணு வெச்சா முதல் மூணு பேர் யாருடா?"

ஹாக்கின்னா அவனுக்குப் பிரச்சினையே இல்ல. 2023-ல சென்னையில ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை ஜெயிச்ச இந்திய அணியில அரியலூர்க்காரர் கார்த்தி செல்வம் இருந்தார். அவர் பேரைச் சொல்லிட்டு காலரைத் தூக்கி விட்டுக்குவான். ஆனா கேள்வி ஃபுட்பால். அதுவும் ஓய்வு பெற்றவங்க மட்டும். ரெண்டு மாவட்டத்தையும் புரட்டிப் பார்த்து கை விரிச்சோம். சரி, தமிழ்நாடு முழுக்க எடுத்துக்கலாம்னு எல்லையை விரிச்சோம். அதுக்கு அப்புறம்தான் சண்டையே.

முதல்ல, ஹால் ஆஃப் ஃபேம்னா என்னன்னு தெளிவா வெச்சுக்கலாம். இது 'அந்த வருஷத்தோட சிறந்த வீரர்' மாதிரி விருது இல்ல. ஒருத்தர் ஆடி முடிச்சப்புறம், தூசு அடங்கினப்புறம், "இவர் இல்லாம இந்த ஆட்டத்தோட கதையைச் சொல்ல முடியுமா?"ன்னு கேட்டு எடுக்கிற முடிவு. அமெரிக்கன் ஃபுட்பால்ல ஒரு வீரர் ஓய்வு பெற்று அஞ்சு வருஷம் காத்திருக்கணும். அப்புறம் தேர்வுக்குழு உட்கார்ந்து வாதாடும். 80 சதவீத ஓட்டு விழுந்தாதான் உள்ளே. நம்ம ஃபுட்பாலுக்கு இந்த மாதிரி விதியோட, எல்லாரும் ஒத்துக்கிற ஒரு மண்டபம் கிடையாது. பைச்சுங் பூட்டியாவுக்கு 2014-ல ஆசியக் கூட்டமைப்பு தன்னோட ஹால் ஆஃப் ஃபேம்ல இடம் கொடுத்தது. மத்தபடி நம்மகிட்ட இருக்கிறது அர்ஜுனா, பத்மஸ்ரீ மாதிரி அரசு விருதுகள். அதுல ஒரு சிக்கல் இருக்கு, அப்புறம் வர்றேன்.

என்னோட முதல் பேர் பீட்டர் தங்கராஜ். நண்பன் உடனே மறிச்சான்: "அவர் ஹைதராபாத்ல பொறந்தவர்டா, எப்படி நம்ம ஆளு?" நியாயமான கேள்விதான். தங்கராஜ் 1935-ல பொறந்தது ஹைதராபாத். ஆனா அவர் ஃபுட்பால் ஆளா வளர்ந்தது நீலகிரி வெலிங்டன்ல இருக்கிற மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர்ல. முன்கள ஆட்டக்காரரா இருந்தவர், அப்புறம்தான் கோல்கீப்பர் ஆனார். அந்த மெட்ராஸ் ரெஜிமெண்ட் டீம் 1955-லயும் 1958-லயும் டூராண்ட் கோப்பையை எடுத்தது. 1888-ல தொடங்கின கோப்பை அது. சும்மா உள்ளூர் டோர்னமெண்ட் இல்ல. பொறந்த சான்றிதழை வெச்சு முடிவு பண்ணணுமா, ஆட்டம் கத்துக்கிட்ட மண்ணை வெச்சா? நான் ரெண்டாவது கட்சி.

தங்கராஜ் 1956 மெல்போர்ன், 1960 ரோம்னு ரெண்டு ஒலிம்பிக் அணியில இருந்தவர். 1958-ல ஆசியாவோட சிறந்த கோல்கீப்பரா தேர்வானவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியில கோலுக்கு முன்னாடி நின்னவர். 'மைதான்' படம் பார்த்தவங்களுக்கு அந்த மேட்ச் ஞாபகம் இருக்கும். முதல் ஆட்டத்துல நம்மளை 2-0ன்னு அடிச்ச அதே தென் கொரியா, இறுதியில எதிர்ல நிக்குது. மைதானம் முழுக்க நமக்கு எதிரான கூச்சல். இந்தியா 2-1ல ஜெயிக்குது. கோல் போட்டவங்க பி.கே.பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும்.

இங்கதான் விஷயமே இருக்கு. அந்த மேட்ச் பத்தித் தேடினா முதல்ல கிடைக்கிறது இந்த ரெண்டு பேர்தான். அந்தக் காலத்து ஸ்கோர் கார்டுல கோல் போட்டவர் பேர் இருக்கும், நிமிஷம் இருக்கும். போகாம போன கோல் எதுலயும் இருக்காது. இன்னைக்கு ஒரு கோல்கீப்பர் எத்தனை ஷாட் தடுத்தார்னு ஆப்லயே வந்துடுது. 1962-ல யாரும் எண்ணி வைக்கல. எண்ணை மட்டும் வெச்சு ஓட்டு போட்டா, தங்கராஜ் மாதிரி ஆளுங்க எப்பவுமே தோத்துடுவாங்க. 1967-ல அர்ஜுனா வந்தது. அவர் 2008-ல பொகாரோவுல காலமானார். பத்மஸ்ரீ வரல. கோல்கீப்பர்னா பத்மஸ்ரீயே கிடையாதான்னு கேட்டா, 2022-ல கோவாவோட பிரம்மானந்த் சங்க்வால்கருக்குக் கொடுத்தாங்க.

ரெண்டாவது பேரு நண்பன் சொன்னது: சைமன் சுந்தரராஜ். தமிழ்நாட்டுக்காரர், ரோம் ஒலிம்பிக் அணியில இருந்தவர். அந்த ரோம் டீமுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. பிரான்ஸோட 1-1னு டிரா. ஃப்ளோரியன் ஆல்பர்ட் ஆடின ஹங்கேரிகிட்ட 2-1ன்னுதான் தோல்வி. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் இந்திய ஃபுட்பால் அணி ஒலிம்பிக் பக்கம் போகவே இல்ல.

சைமனோட கதை அதோட முடியல. 1973-ல கேரளா முதல் முறையா சந்தோஷ் டிராஃபியைத் தூக்கினப்ப, அந்த டீமுக்குக் கோச் அவர்தான். இறுதியில ரயில்வேஸை 3-2ன்னு சாய்ச்சாங்க, கேப்டன் மணி மூணு கோலும் போட்டார். மலையாளிகளுக்கு முதல் கோப்பையைத் தேடிக் கொடுத்தது ஒரு தமிழர்; நமக்கு அந்தக் கோப்பை இன்னும் வந்தபாடில்ல. (இதைச் சொன்னப்ப பக்கத்து பெஞ்ச்ல இருந்த அண்ணன் "ச்ச"ன்னு டீ கிளாஸை வெச்சுட்டாரு.)

இங்க ஒரு விதிச் சண்டை வரும். வீரரா எடுக்கிறோமா, கோச்சாவா? ரெண்டையும் சேர்த்து எடை போடலாமா? பிரீமியர் லீக் மாதிரி இடங்கள்ல அந்த லீக்ல செஞ்சதை மட்டும்தான் கணக்குல எடுப்பாங்க. அது அவங்களுக்குச் சரி. முப்பது வருஷ வீடியோ கையில இருக்கு. பதிவே குறைவா இருக்கிற நம்ம மாதிரி ஊருக்கு அவ்வளவு கறாரான விதி ஒத்துவராதுன்னு நான் நினைக்கிறேன்.

மூணாவது இடத்துக்குத்தான் தீர்ப்பே வரல. என் ஓட்டு ராமன் விஜயன். 1997-98 தேசிய ஃபுட்பால் லீக்ல எஃப்.சி. கொச்சினுக்காக 10 கோல் அடிச்சு, லீக்கோட டாப் ஸ்கோரர் ஆனவர். ஒரு தமிழ் ஸ்ட்ரைக்கர் இந்தியாவோட பெரிய லீக்ல முதலிடம்! ஆனா 'விஜயன்'னு தேடினா வர்றது கேரளாவோட ஐ.எம்.விஜயன். அவருக்கு 2025-ல பத்மஸ்ரீ கிடைச்சது, முழுத் தகுதி இருக்கு. அதுக்காக நம்ம விஜயன் பேர்க்குழப்பத்துல காணாம போகணுமா?

நண்பன் வேற கட்சி. "மூணாவது நாற்காலியைக் காலியா வை. பெண்களுக்கு." தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-ல மணிப்பூரை வீழ்த்தி தேசிய சாம்பியன்ஷிப்பை எடுத்தாங்க. அந்தத் தலைமுறையே ஓய்வு பெற்று முடியல, அதுக்குள்ள எல்லா இடத்தையும் ஆம்பளைங்களை வெச்சு நிரப்பிட்டா எப்படின்னு கேட்டான். பதில் சொல்ல எனக்குக் கஷ்டமாத்தான் இருந்தது.

இப்ப அந்த அரசு விருதுச் சிக்கல். துளசிதாஸ் பலராம், செகந்திராபாத்காரர், நம்ம மாநிலப் பட்டியல்ல வரமாட்டார். ஆனா அவரை விட்டுட்டு இதைப் பேச முடியாது. பி.கே., சுனி கோஸ்வாமி, பலராம்னு மூணு பேரையும் சேர்த்துத்தான் சொல்வாங்க. ரோம்ல ஹங்கேரிக்கு எதிரா கோல் அடிச்சவர். 1962 தங்க அணியில இருந்தவர். அடுத்த வருஷமே உடம்பு முடியாம, இருபதுகளிலேயே ஆட்டத்தை விட்டுட்டார். சுனிக்கு 1983-லயும் பி.கே.வுக்கு 1990-லயும் பத்மஸ்ரீ வந்தது. பலராம் 2023 பிப்ரவரியில காலமாகிற வரைக்கும் வரல. பத்ம விருதுகளைப் பொதுவா இறந்தவங்களுக்குக் கொடுக்கிறதில்ல. ரொம்பத் தகுதியானவர்னா, அதுவும் குடியரசு தினத்துக்கு முந்தின ஒரு வருஷத்துக்குள்ள இறந்திருந்தாத்தான் யோசிப்பாங்க. அதாவது தங்கராஜுக்கும் பலராமுக்கும் அந்தக் கதவு மூடியாச்சு. ஹால் ஆஃப் ஃபேமுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. எழுபது வருஷம் கழிச்சும் ஒருத்தரைக் கூப்பிட்டு உட்கார வைக்கலாம்.

அதே நேரம் பத்ம விருதுக்கு யாரு வேணும்னாலும் ஆன்லைன்ல பரிந்துரை அனுப்பலாம், அது பலருக்குத் தெரியாது. உயிரோட இருக்கிறவங்களுக்காவது அதைச் செய்யலாம்.

கடைசியா நம்ம ரெண்டு ஊர் விஷயம். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-ல. அரியலூர் நடுவுல ஒரு தடவை பிரிஞ்சு, சேர்ந்து, மறுபடி 2007-ல தனியானது. அதுக்கு முன்னாடி இங்க இருந்து போய் மாவட்ட டீம்ல ஆடினவங்க எல்லாரும் 'திருச்சி' ஜெர்சியிலதான் ஆடியிருப்பாங்க. நாங்க தேடினப்ப கை விரிச்சதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். உங்க வீட்டுல, தெருவுல அப்படி ஆடின தாத்தா, பெரியப்பா யாராவது இருந்தா, எந்த டீம், எந்த வருஷம், எந்த பொசிஷன்னு கேட்டு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. பழைய குரூப் ஃபோட்டோ இருந்தா பின்பக்கத்தையும் படம் எடுங்க, பேரு அங்கதான் எழுதியிருப்பாங்க.