நீளத்துக்கு மானியம், நிலைக்கு?

தம்பின் பட்டணத்தில் ஒரு சாலையிலிருந்து இன்னொரு சாலைக்குத் திரும்பும்போது, வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரியாமலேயே சாலையின் சொந்தக்காரர் மாறிவிடுகிறார். கெமாஸிலிருந்து தம்பின், ரெம்பாவ் வழியாகச் சிரம்பானுக்குப் போகும் முதலாம் எண் சாலை கூட்டரசுடையது. அதிலிருந்து பிரியும் கிளைச் சாலைகள் பல நெகிரி செம்பிலான் மாநிலத்துடையவை. குடியிருப்புத் தெருக்கள் மாவட்ட மன்றத்தின் பொறுப்பு. தோட்டங்களுக்குள் ஓடும் செம்மண் சாலைகள் தோட்ட நிறுவனங்களின் சொத்து. ரயிலேற வேண்டுமானால் மாநில எல்லையையே தாண்டி, மலாக்காவைச் சேர்ந்த புலாவ் செபாங்குக்குப் போக வேண்டும். அங்கே ரயில்வே சொத்துக்கள் ஒரு கழகத்தின் பெயரில் இருக்கின்றன. வண்டியை ஓட்டுவது கேடிஎம். இத்தனை கைகளில் பிரிந்து கிடக்கும் சொத்தைப் பற்றி ஊரார் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இவை இன்று எந்த நிலையில் இருக்கின்றன? எத்தனை கிலோமீட்டர் என்பதற்கு எல்லா அலுவலகத்திலும் பதில் உண்டு. எந்தத் துண்டு நன்றாக இருக்கிறது, எது இன்னும் மூன்று ஆண்டு தாங்கும், எது அடுத்த மழைக்கே பெயர்ந்துவிடும் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். பணம் அந்தப் பதிவின்படியே செலவாக வேண்டும். பதிவு மக்கள் கண்ணில் படும்படியும் இருக்க வேண்டும்.

நீளத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் வந்ததற்குக் காரணம் நம் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அதன் 109ஆம் பிரிவும் பத்தாவது அட்டவணையும் மாநிலச் சாலைகளின் பராமரிப்புக்குக் கூட்டரசு மானியம் தர வேண்டும் என்கின்றன. குறைந்தபட்சத் தரத்தில் சாலையைப் பேண ஆகும் சராசரிச் செலவை மாநிலச் சாலைகளின் நீளத்தால் பெருக்கினால் மானியத் தொகை வந்துவிடும். மாரிஸ் எனப்படும் சாலைப் பதிவேடு இந்தக் கணக்குக்காகத்தான் நடக்கிறது. அதன் வழியே ஆண்டுதோறும் பல பில்லியன் ரிங்கிட் மாநிலங்களுக்குப் போய்ச் சேருகிறது. இந்த ஏற்பாட்டைக் குறைசொல்லிவிட முடியாது. வருமானம் குறைந்த மாநிலமும் சாலையைப் பேண முடிவது இதனால்தான், யார் முதல்வராக இருந்தாலும் பணம் வருவதும் இதனால்தான். ஆனால் இந்தப் பெருக்கலுக்கு ஒரு பக்க விளைவு உண்டு. புதிதாக ஒரு சாலையைப் பதிவேட்டில் ஏற்றினால் மானியம் கூடும். இருக்கும் சாலையை இருபது ஆண்டு பழுதில்லாமல் காத்தால் அதற்காக ஒரு சென்கூடக் கூடாது. குறைந்தபட்சத் தரம் என்ற வரம்புக்கு மேலே நடக்கும் நல்லதும், அந்த வரம்பை நோக்கி மெல்லச் சரிவதும் கணக்கில் ஒன்றுபோலவே தெரிகின்றன.

சாலை ஒரே சீராகத் தேய்வதில்லை என்பதால் இது பெரிய குறை. தார்ச்சாலை போட்ட பிறகு பல ஆண்டுகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில்தான் தேயும். பிறகு மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். அவற்றின் வழியே தண்ணீர் இறங்கி அடித்தளக் கல்லும் மண்ணும் இளகிவிட்டால், அதுவரை மெதுவாக நடந்த சிதைவு மடமடவென்று நடக்கும். வெடிப்பு நிலையிலேயே அடைத்து மேலே மெல்லிய தார்ப்பூச்சு கொடுப்பது ஒரு செலவு. அடித்தளம் வரை தோண்டிப் புதிதாகப் போடுவது அதைப்போலப் பன்மடங்கு செலவு. தம்பின் வட்டாரத்தில் இந்தச் சிதைவை விரைவாக்க இரண்டு காரணங்கள் எப்போதும் இருக்கின்றன. ஒன்று மழை, ஓரக் கால்வாய் அடைபட்டால் தண்ணீர் சாலையின் அடியில்தான் தங்கும். மற்றொன்று செம்பனைக் குலை ஏற்றிவரும் லாரி. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்கருகே சோதனைச் சாலைகள் போட்டு, அவற்றில் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் சுமை இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது என்று அதிலிருந்து தெரிய வந்தது. ஆயிரம் மோட்டார் சைக்கிள் போனாலும் அசையாத சாலையை, அளவுக்கு மீறி ஏற்றிய சில லாரிகள் ஒரு பருவத்தில் உடைத்துவிடும். ஆகவே ஒரே நீளமுள்ள இரண்டு சாலைகளுக்கு ஒரே செலவு என்பது, ஒன்று குடியிருப்புத் தெருவாகவும் மற்றது ஆலைக்குக் குலை போகும் வழியாகவும் இருக்கும்போது, பொருந்தவே பொருந்தாது.

இதிலிருந்து பிறக்கும் முடிவை ஏற்றுக்கொள்வது எளிதல்ல. கையில் குறைந்த பணம் இருக்கும்போது, மிக மோசமான சாலைக்கே அதை முழுக்கக் கொடுத்துவிடாமல், இன்னும் நன்றாக இருக்கிற ஆனால் சரியத் தொடங்கிய சாலைக்கும் ஒரு பங்கைக் கட்டாயமாக ஒதுக்க வேண்டும். குழி விழுந்த சாலையில் தினமும் போகிறவருக்கு இது அநியாயமாகத்தான் படும். பக்கத்தில் பளபளவென்றிருக்கும் சாலைக்குப் பூச்சு, நம் சாலைக்கு ஒன்றுமில்லையா என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆபத்தான குழி, பாலத்தின் விரிசல், பள்ளிக்கூட வாசல் ஆகியவை எந்தக் கணக்குக்கும் காத்திருக்கக் கூடாது. ஆனால் அதற்கப்பால், மோசமானதை மட்டுமே துரத்திக்கொண்டிருக்கும் இலாகா ஒருபோதும் முன்னே வர முடியாது. ஒரு சாலையைப் புதுப்பிக்கும் பணத்தில் காப்பாற்றியிருக்கக் கூடிய பல சாலைகள் அதற்குள் மோசமானவற்றின் பட்டியலில் சேர்ந்துவிடும். இன்று நன்றாக இருக்கும் தெருவில் குடியிருப்பவருக்கு வரப்போகும் குழியும் அநியாயம்தானே.

ஒரு காலத்தில் சாலையின் நிலை பற்றிய அறிவு ஏட்டில் இல்லாவிட்டாலும் ஆட்களிடம் இருந்தது. பொதுப்பணித் துறையின் சாலைக் கும்பல்களில் பெரும்பகுதி தமிழர்கள். மண்டோரின் கீழ் ஒரு கும்பல், அதன் பொறுப்பில் சாலையின் ஒரு துண்டு. புல் வெட்டி, கால்வாய் தூர்வாரி, கல் பரப்பி, தார் ஊற்றியவர்களுக்கு எந்த வளைவில் தண்ணீர் நிற்கும், எந்த மதகு அடைபடும் என்பது தெரிந்திருந்தது. தினமும் நடந்து பார்த்துப் பெற்ற அறிவு அது. சாலையைப் பேணுவதில் தமிழர் பங்கு கும்பலோடு நிற்கவுமில்லை. துன் வீ. தி. சம்பந்தன் பொதுப்பணி அமைச்சராக இருந்தார், பின்னர் ச. சாமிவேலு 1983 முதல் 1989 வரையும் 1995 முதல் 2008 வரையும் அதே பொறுப்பில் இருந்தார். அவருடைய காலத்தில்தான், 2001இல், கூட்டரசுச் சாலைகளின் பராமரிப்பு நீண்டகால ஒப்பந்தத்தில் தனியார் நிறுவனங்களிடம் போனது. ஒப்பந்தமுறையே தவறு என்று சொல்ல முடியாது. அது கும்பலின் நினைவாற்றலை அகற்றியபோது அந்த இடத்தில் என்ன வைக்கப்பட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எத்தனை மீட்டர் புல் வெட்டப்பட்டது, எத்தனை குழி அடைக்கப்பட்டது என்று வேலையை எண்ணிக் கூலி கொடுத்தால், குழி விழ விழ வருமானம் என்றாகும். தமிழ்நாட்டில் பொள்ளாச்சி நெடுஞ்சாலைக் கோட்டத்தில் வேறு வழியைச் சோதித்தார்கள்: ஐந்தாண்டுக்கு ஒரே ஒப்பந்தம், சாலை குறித்த தரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடித்தம். அப்படிப்பட்ட ஒப்பந்தம் எழுத வேண்டுமானால், கையெழுத்திடும் நாளன்று சாலை எந்த நிலையில் இருந்தது என்ற அளவு முதலில் கையில் இருக்க வேண்டும்.

இப்போது கைப்பேசியிலேயே புகார் செய்யலாமே, 2023இல் பொதுப்பணி அமைச்சு மைஜாலான் செயலியைக் கொண்டுவந்துவிட்டதே என்று சிலர் சொல்வார்கள். அது நல்ல முயற்சி. யாருடைய சாலை என்று தெரியாமலேயே முறையிட முடிகிறது என்பது தம்பின் போன்ற ஊருக்குப் பெரிய உதவி. ஆனால் புகார் என்பது உடைந்த பிறகு வருவது. மயிரிழை வெடிப்பைப் படமெடுத்து அனுப்புகிறவர் எவருமில்லை. அடைத்துச் சரிசெய்வது மலிவாக இருக்கும் நேரமோ அதுதான். மேலும் புகார் செய்யப் பழகியவர் இருக்கும் இடத்துக்கே வேலை போய்ச் சேரும். நகரத்து வீடமைப்புப் பகுதியிலிருந்து நூறு புகார் வரும். லயத்தில் இருக்கும் மூதாட்டியிடமிருந்து ஒன்றும் வராது.

தோட்டச் சாலைகளின் பிரச்சினை இதைவிடக் கடினமானது. அவை தனியார் நிலம், பொதுப்பணத்தை அங்கே போட முடியாது என்பது சட்டப்படி வலுவான வாதம். செம்பனையால் லாபம் பார்க்கும் நிறுவனத்தின் சாலைக்கு மக்கள் வரிப்பணம் எதற்கு என்பதும் சரியான கேள்வி. ஆனால் தம்பின் மாவட்டத்தில் ரெப்பா, ரீஜெண்ட் போன்ற தோட்டப் பெயர்களைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் அரசாங்கப் பாடத்திட்டத்தை நடத்துகிறவை. ஒரு பள்ளிக்கோ கோயிலுக்கோ குடியிருப்புக்கோ போக வேறு வழியில்லாத தோட்டச் சாலையை வெறும் உற்பத்திச் சாலையாகப் பார்ப்பது தவறு. எல்லாத் தோட்டச் சாலைகளையும் மாநிலம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மக்கள் போக்குவரத்து உள்ள சில துண்டுகளை மட்டும் அளந்து, நிலையைக் குறித்து, தனிப் பட்டியலில் வைக்கலாம். லாரி ஓட்டும் நிறுவனம் சுமைக்கேற்ற பங்கைத் தரவும், மாவட்ட மன்றம் கால்வாயையும் மதகையும் பார்த்துக்கொள்ளவும் ஒப்பந்தம் செய்யலாம். பட்டியலில் இல்லாத சாலைக்காக எந்த ஒப்பந்தமும் பேச முடியாது.

ரயிலிலும் இதே கதைதான். இந்தியாவின் இர்க்கான் நிறுவனம் கட்டிய சிரம்பான்–கெமாஸ் மின்மய இரட்டைத் தடம் 2013இல் முடிந்தது. 2015இல் கொமுட்டர் சேவை புலாவ் செபாங் வரை நீண்டது. இன்று தம்பின்வாசி பத்துமலைக்கு ரயிலிலேயே போகலாம். திறப்புவிழாவின்போது இருந்த ஆர்வம் மின்கம்பி, சமிக்ஞைக் கருவி, வண்டிச் சக்கரம் ஆகியவற்றின் வயதுக் கணக்கிலும் தொடர வேண்டும். 2022 நவம்பரில் தலைநகரின் கிளானா ஜெயா எல்ஆர்டி தடத்தில் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகிப் பல நிலையங்கள் நாள்கணக்கில் மூடப்பட்டபோது, இத்தகைய கருவி ஒன்று முடங்கினால் என்ன ஆகும் என்பதைப் பல்லாயிரம் பயணிகள் அனுபவித்தார்கள்.

நிலையைப் பகிரங்கமாக்கினால் அரசியல் நெருக்கடி வரும், வழக்குக்கூட வரும் என்று அதிகாரிகள் தயங்கக்கூடும். ஆனால் நிலையைச் சோதிக்காமல் விடுவதன் விலை அதைவிடப் பெரியது. 1967இல் அமெரிக்காவில் சில்வர் பாலம் இடிந்து 46 பேர் இறந்த பிறகுதான் அங்கே பாலங்களைக் குறித்த கால இடைவெளியில் சோதிக்கும் தேசிய விதி வந்தது. இங்கே அத்தகைய விலை கொடுக்க வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டின் அரசாங்கச் சொத்து மேலாண்மைக் கொள்கை ஏற்கெனவே சொத்தின் வாழ்நாள் முழுவதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஆய்வுக்குப் பணமில்லை என்றாலும், விலையுயர்ந்த கருவி இல்லாமல், ஆண்டுக்கொருமுறை பயிற்சி பெற்ற இருவர் வண்டியில் போய்க் கண்ணால் பார்த்து ஐந்து படிநிலைகளில் ஒன்றைக் குறித்தாலே ஒரு மாவட்டத்துக்குப் போதுமான தொடக்கம். சாலையின் பெயர், சொந்தக்காரர், கடைசியாகத் தார் போட்ட ஆண்டு, இன்றைய படிநிலை, அடுத்த வேலை எப்போது என்ற ஐந்து விவரங்கள் கொண்ட பட்டியலை மாவட்ட மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் மலாய், தமிழ், சீன மொழிகளில் ஒட்டலாம். அடுத்த ஆண்டு அதே பட்டியலை மீண்டும் ஒட்டும்போது எந்தச் சாலை ஒரு படி இறங்கியிருக்கிறது, அதற்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்பதை ஊராரே பார்த்துக்கொள்வார்கள்.