உயிரணுவை ஏமாற்றும் மருந்து

குருதிப் புற்றுநோயில் முதிராத வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகுகின்றன. அவை பெருக ஃபோலிக் அமிலம் என்னும் சத்து வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ், அச்சத்தைப் போலவே தோன்றும் அமினோப்டெரினைத் தம் குழுவினருடன் உருவாக்கினார். பூட்டில் நுழைந்தும் திறவாத சாவி அது! அதனை ஏற்ற அணு பெருக இயலாமல் மடியும்.

பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அம்மருந்தை 16 குழந்தைகளுக்கு அளித்தார். 10 பேர் தேறினர் என்று 1948இல் எழுதினார். ஆனால், தேறியவர்களை நோய் மீண்டும் பற்றியது. ஒரு மருந்து போதாது என்பது புலப்பட்டது.

அம்மருந்தின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட்டை இன்று கொல்கத்தா மருத்துவமனைகளிலும் பிற மருந்துகளோடு சேர்த்தே அளிக்கின்றனர். நலமான அணுக்களையும் அது தாக்குவதால் வாய்ப்புண் வரக்கூடும். ஆயினும், இடைநிறுத்தாமல் முழு மருத்துவம் பெறும் குழந்தைகளுள் பெரும்பாலோர் நலம்பெற்றுப் பள்ளிக்குத் திரும்புகின்றனர்.