முட்டிக்குள் ஆடும் ஓடு

பன்னிரண்டு வயதுப் பையன் விளையாடிவிட்டு வந்து முட்டி வலிக்கிறது என்கிறான். எந்த இடம் என்று கேட்டால் விரல் வைத்துக் காட்டத் தெரியவில்லை. உள்ளங்கையால் முட்டி முழுவதையும் தடவுகிறான். கீழே விழவுமில்லை. “வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டில் தைலம் தேய்த்துவிடுகிறார்கள்.

வளர்ச்சி வலி பெரும்பாலும் இரவில், இரண்டு கால்களிலும் வரும், விடிந்தால் போய்விடும். ஓடினால் கூடி, உட்கார்ந்தால் தணிந்து, வாரக்கணக்கில் நீடிக்கும் வலி வேறு. அதற்கான காரணங்களில் ஒன்று ஆஸ்டியோகாண்ட்ரைடிஸ் டிசெகன்ஸ். பத்து முதல் இருபது வயதுக்குள், விளையாட்டில் தீவிரமான பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுவது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபிரான்ஸ் கோனிக் இதை அழற்சி என்று கருதிப் பெயரிட்டார். பின்னால் வந்த ஆய்வுகளில் அழற்சி தென்படவில்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

தரையில் பதித்த ஓட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் உள்ள கலவை இளகினாலும் மேலே ஓடு பளபளப்பாகவே இருக்கும். மிதிக்க மிதிக்க ஆடும், ஒருநாள் பெயர்ந்துவிடும். முட்டியில் ஓடு என்பது வழவழப்பான குருத்தெலும்பு. கலவை என்பது அதன் அடியில் உள்ள எலும்பு. ஓயாமல் குதித்து ஓடுவதால் விழும் சிறு சிறு அடிகளும், அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவதும் எலும்பை நலியச் செய்வதாக மருத்துவர்கள் கருதுகிறார்கள். பெரும்பாலும் பாதிக்கப்படுவது தொடை எலும்பின் அடிமுனையில் இருக்கும் உள்பக்கக் குமிழ்.

நேராக நிற்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் இது தப்பிவிடக்கூடும். முட்டியை மடக்கி எடுக்கும் ‘டனல்’ கோணத்தில்தான் அந்தப் பகுதி தெளிவாகத் தெரியும். நலிந்த எலும்பும் அதன் மேலுள்ள குருத்தெலும்பும் சேர்ந்த துண்டு உறுதியாக இருக்கிறதா, ஆடுகிறதா என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும். சிகிச்சையைத் தீர்மானிப்பது அதுதான். சிலருக்கு இரண்டு முட்டிகளிலும் இருக்கும் என்பதால் மற்றதையும் பார்த்துவிடுவது நல்லது.

எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாத பிள்ளைக்கு, துண்டும் ஆடாமல் இருந்தால், முதல் மருந்து ஓய்வு. ஓட்டமும் குதியும் மாதக்கணக்கில் நிற்க வேண்டும். சிலருக்கு பிரேஸோ மாவுக்கட்டோ போடுவார்கள். வலி போனதும் மைதானத்துக்கு அனுப்பிவிடக் கூடாது. வலி முதலில் போகும், எலும்பு பிறகுதான் கூடும். பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு இப்படியே ஆறிவிடுகிறது.

ஆறு மாதம் போல் பார்த்தும் ஆறாவிட்டால், எலும்பில் நுண்ணிய துளைகள் போட்டுப் புது ரத்தம் வரச் செய்வார்கள். ஆடும் துண்டைத் திருகாணியால் பொருத்துவார்கள். பெயர்ந்த துண்டை எடுத்துப் போட்டுவிட்டால் அந்தக் குழி பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானத்துக்கு வழிவிடும். அதனால் முடிந்தவரை அதையே திரும்பப் பதிக்கப் பார்க்கிறார்கள்.

பிள்ளை நொண்டினாலோ, முட்டி வீங்கினாலோ, மடக்கிய கால் நீட்ட வராமல் மாட்டிக்கொண்டாலோ தைலத்தோடு நிறுத்திவிடாதீர்கள். வளர்ச்சித் தட்டு மூடுவதற்குள் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.