ஐம்மலைத் தீ

யப்பானுக்குச் செல்வோர் பெரும்பாலும் செரிமலர் பூக்கும் இளவேனிலைத் தேர்ந்தே செல்வர். எமக்கோ பாடசாலை விடுமுறை ஓகஸ்ற் மாதத்திலேதான் வாய்த்தது. ஒசாக்கா நகரில் தொழில்புரியும் தங்கை மகன், அம்மாதத்து வெயில் வாட்டிவிடும் என எச்சரித்தான். யாழ்ப்பாணத்து வெயிலிற் காய்ந்த உடம்புக்கு அது பெரிதோ என்று விடையிறுத்தோம். மூன்று புறமும் மலைசூழ்ந்த கியோத்தோவிற் காலடி வைத்த அன்றே அச்சொல்லை மீளப் பெற்றுக்கொண்டோம். கிண்ணத்துள் தேங்கிய வெந்நீர்போலக் காற்று அசையாது நின்றது.

அக்காலத்துக்கு உரியது ஓபொன் எனும் நீத்தார் விழா. உல்லம்பனம் என்ற வடசொல்லின் சிதைவே அப்பெயர் என்பது மரபான கொள்கை. புத்தரின் மாணாக்கராகிய மொக்கல்லானர், தம் தாய் பேயுலகிற் பசித்திருக்கக் கண்டார். மழைக்கால உறைவை முடித்த துறவியர்க்கு ஏழாம் மாதத்துப் பதினைந்தாம் நாளில் உணவளிக்குமாறு புத்தர் பணித்தார். அவ்வாறு செய்யவே அன்னையின் துயர் நீங்கிற்று என்பது கதை. இல்வாழ்வானின் கடன்களை எண்ணிய வள்ளுவர் தென்புலத்தாரை முதலில் வைத்ததை உணர்ந்தோர்க்கு இவ்விழா அயலானதன்று.

முன்னோரை 13 ஆம் நாள் தீமூட்டி வரவேற்பர். 16 ஆம் நாள் தீமூட்டியே வழியனுப்புவர். கிழக்கு யப்பானில் வெள்ளரிக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் குச்சிகளாற் கால் பொருத்தி வைக்கும் வழக்கம் உண்டு. வெள்ளரி குதிரை, கத்தரி பசு. விரைந்து வருதற்குக் குதிரை. மெல்லத் திரும்புதற்குப் பசு. பிரிவாற்றாமையை ஒரு கத்தரிக்காயிற் காட்டிய மனம் வியத்தற்குரியது.

கியோத்தோவிலோ வழியனுப்பும் தீ ஐந்து மலைகளில் எரிகின்றது. கீழ்த்திசை மலையிற் 'பெரிது' எனப் பொருள்படும் எழுத்து இரவு எட்டு மணிக்கு ஒளிரும். அவ்வெழுத்துக்கு மூன்று கோடுகள். அவை 80, 160, 120 மீற்றர் நீளமுடையன. தீக்குவியல்கள் 75. அடிவாரத்துக் கின்காக்குஜிக் கோயிலருகே தரப்படும் விறகுத் துண்டிற் பெயரெழுதிக் கொடுத்தால் அத்தீயிற் சேர்ப்பர். உயிரோடிருப்போர் நோய்நீங்கவும் எழுதலாம்; மறைந்தோர் நினைவாகவும் எழுதலாம்.

அப்பெயர்களின் கனம் சிறிதன்று. 2011 ஆம் ஆண்டுக் கடற்கோள் சாய்த்த பைன் மரத்துண்டுகளில், உறவிழந்தோர் தம்மவர் பெயரை எழுதியிருந்தனர். அணுக்கதிர் அச்சத்தால் அவற்றைக் கியோத்தோவில் எரிக்க மறுத்தபோது நாடெங்கும் கண்டனம் எழுந்தது.

யாமும் ஒரு துண்டு விறகு பெற்றோம். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் இடப்பெயர்வில் எம் தமையனார் பிரிந்தார். இறந்தார் என்று உரைத்தார் எவருமிலர். அவர் திரும்பி வந்ததுமில்லை. எம் அன்னையார் தம் இறுதிநாள்வரை அவருக்குத் திவசம் செய்ய இசைந்திலர். திதி அறியோம் என்பது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணத்தை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. தூரிகையோடு நெடுநேரம் நின்றோம். பின்னால் நின்றோர் பொறுமையாகக் காத்தனர். ஈற்றிற் பெயரை மாத்திரம் தமிழில் எழுதிக் கொடுத்தோம்.

அன்றிரவு காமோ ஆற்றங்கரையில் நெருக்கமான கூட்டம். நகரின் விளம்பர விளக்குகள் அணைந்தன. மலையில் ஒரு பொறி தோன்றி, கோடாகி, எழுத்தாயிற்று. எவரும் ஆரவாரிக்கவில்லை, அருகிலிருந்த மூதாட்டி கைகூப்பினார். அரைமணி நேரத்துள் எழுத்துத் தேய்ந்து மறைந்தது.

"மாமா, வருத்தக்காரர் பக்கமா, செத்தவர் பக்கமா எழுதினீர்கள்?" என்று மருமகன் வினவினான்.

"பெயர்தான் எழுதினேன், தம்பி."

மறுநாட் காலை அவன் மலையேறி ஒரு கரித்துண்டு கொணர்ந்தான். அதனை வெள்ளைத் தாளிற் சுற்றி வாயிலிற் கட்டுதல் அவ்வூர் வழக்கம். கள்வரும் நோயும் அணுகா என்பர். அது இப்போது எம் வீட்டுத் தலைவாயிலில், அன்னையாரின் படத்துக்கு எதிரே தொங்குகின்றது.