தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் படிப்புச் செலவு

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.பி.பி.எஸ். பயிலும் மாணவர் செலுத்தும் ஆண்டுக் கட்டணம், நகரத்துத் தனியார் பள்ளிகள் பலவற்றில் ஒன்றாம் வகுப்புக்கு வாங்கப்படும் கட்டணத்தைவிடக் குறைவு. 2020-21 கல்வியாண்டில் அது 13,610 ரூபாயாக இருந்தது. பின்னர் ஓரளவு உயர்த்தப்பட்டது. இதில் கற்பிப்புக் கட்டணம் என்ற இனம் நீண்ட காலம் 4,000 ரூபாய் மட்டுமே. எஞ்சியவை நூலகம், காப்புத்தொகை, பல்கலைக்கழகக் கட்டணம் போன்றவை. இதே படிப்புக்குத் தனியார் சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களில்கூட ஆண்டுக்கு 4 இலட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அது 20 இலட்சத்தைத் தாண்டுகிறது.

ஆனால் கல்லூரி கொடுக்கும் ரசீதில் உள்ள தொகை, ஒரு குடும்பம் செய்யும் மொத்தச் செலவில் சிறு பகுதிதான். பெரும்பகுதி சேர்க்கைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

சேர்க்கைக்கு முந்தைய செலவு

தமிழ்நாட்டில் 2007 முதல் 2016 வரை மாநில ஒதுக்கீட்டு மருத்துவ இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு நிரப்பப்பட்டன. 2017 முதல் தேசியத் தகுதி மற்றும் நுழைவுத் தேர்வு (நீட்) கட்டாயமானது. தேர்வுக்கான விண்ணப்பக் கட்டணம் பெரிதல்ல. 2024-இல் பொதுப் பிரிவினருக்கு 1,700 ரூபாய். செலவு பயிற்சி மையங்களில்தான். பள்ளிப் படிப்புடன் சேர்ந்த பயிற்சியோ, பள்ளி முடித்தபின் ஓராண்டு விடுதியில் தங்கிப் பெறும் பயிற்சியோ, அரசுக் கல்லூரியின் ஐந்தரை ஆண்டுக் கட்டணத்தை எளிதில் மிஞ்சிவிடும்.

நீட் தேர்வின் தாக்கத்தை ஆராய, நீதிபதி ஏ. கே. ராஜன் தலைமையில் தமிழ்நாடு அரசு 2021-இல் ஒரு குழுவை அமைத்தது. 2016-17-இல் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினரே முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்தவர்கள் என்றும், 2020-21-இல் அப்பங்கு 71 விழுக்காடாக உயர்ந்தது என்றும் அதன் அறிக்கை கூறியது. அதாவது, இடம் பெற்றவர்களில் பெரும்பாலோர் குறைந்தது ஓராண்டைத் தேர்வுக்காகவே ஒதுக்கியவர்கள். அந்த ஓராண்டுக்கு எந்த ரசீதும் இல்லை. கூலி வேலை செய்யும் குடும்பத்தில், பள்ளி முடித்த பிள்ளை வருமானமின்றி வீட்டிலிருக்கும் ஆண்டு என்பது பயிற்சிக் கட்டணத்துக்கு நிகரான சுமை.

7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் சட்டம் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நவம்பரில் நடந்த முதல் கலந்தாய்விலேயே கட்டணச் சிக்கல் வெளிப்பட்டது. அரசுக் கல்லூரி இடங்கள் முடிந்தபின் தனியார் கல்லூரி இடங்களே மீந்திருந்தன. மதிப்பெண்ணும் தரவரிசையும் இருந்தும், கட்டணம் செலுத்த வழியில்லாமல் சிலர் அந்த இடங்களை வேண்டாம் என்றனர். சில நாள்களில், இம்மாணவர்களின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. இடத்தை மட்டும் ஒதுக்கிவிட்டுப் பணத்தைப் பற்றிப் பேசாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அச்சட்டம் செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது.

இது தவிர, குடும்பத்தின் முதல் பட்டதாரிகளுக்குக் கற்பிப்புக் கட்டணச் சலுகையும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கு உரிய நிபந்தனைகளுடன் கல்வி உதவித்தொகைகளும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கின.

பெயரில் அரசு, கட்டணத்தில் தனியார்

சிதம்பரம் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரி 1985-இல் தொடங்கப்பட்டது. அது அங்கம் வகித்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013-இல் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஆனால் கட்டணம் மாறவில்லை. எம்.பி.பி.எஸ். மாணவர்கள் ஆண்டுக்கு 5.44 இலட்சம் ரூபாய் செலுத்தி வந்தனர். இது பிற அரசுக் கல்லூரிகளின் கட்டணத்தைப்போல் ஏறத்தாழ 40 மடங்கு. 2020 திசம்பரில் மாணவர்கள் தொடங்கிய போராட்டம் ஐம்பது நாள்களுக்கு மேல் நீடித்தது. அதன் பின்னர், 2021-இன் தொடக்கத்தில் கல்லூரி உயர் கல்வித் துறையிடமிருந்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டு, கட்டணம் 13,610 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. போக்குவரத்துக் கழகப் பணியாளர்களின் நிதியில் உருவான பெருந்துறை மருத்துவக் கல்லூரியிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

கட்டணத்தைத் தீர்மானிப்பது பெயர்ப்பலகை அல்ல. ஆசிரியர் ஊதியமும் மருத்துவமனைச் செலவும் எந்தத் துறையின் வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெறுகின்றன என்பதே. நல்வாழ்வுத் துறை ஏற்றுக்கொண்டால் அது பொதுச் செலவு. ஏற்காவிட்டால் மாணவர் தலையில் விழும். கலந்தாய்வில் கல்லூரியைத் தெரிவு செய்வோர் 'அரசு' என்ற சொல்லோடு நின்றுவிடாமல், தகவல் தொகுப்பேட்டில் அக்கல்லூரிக்கு எதிரே குறிக்கப்பட்டுள்ள கட்டணத்தையும் பார்ப்பது நல்லது.

கல்லூரிக்குள் ஆகும் செலவு

படிப்புக் காலம் நான்கரை ஆண்டுகளும், ஓராண்டு உறைவிடப் பயிற்சியும். இக்காலத்தில் கட்டணத்தைவிடக் கூடுதலாகச் செலவாவது சாப்பாட்டுக்கு. அரசுக் கல்லூரி விடுதிகள் பலவற்றில் மெஸ் 'டிவைடிங்' முறையில் நடக்கிறது. மாதச் செலவை உண்டவர்கள் பகிர்ந்துகொள்வர். விடுமுறையில் பலர் ஊருக்குப் போய்விட்டால், தங்கியிருப்பவர்களின் பங்கு கூடுவதும் உண்டு. ஓராண்டு மெஸ் கட்டணம் கல்லூரிக் கட்டணத்தைத் தாண்டிவிடும்.

அடுத்தது புத்தகங்கள். முதலாண்டில் சௌராசியாவின் உடற்கூற்றியல், பின்னர் ராபின்சின் நோயியல், இறுதியாண்டில் ஆரிசனின் பொது மருத்துவம் என ஒவ்வொன்றும் சில ஆயிரம் ரூபாய் விலை. ஸ்டெதஸ்கோப், வெள்ளைக் கோட்டு, எலும்பு செட் ஆகியவையும் தேவை. எலும்பு செட்டைப் புதிதாக வாங்குவோர் குறைவு. சீனியரிடமிருந்து ஜூனியருக்குப் பாதி விலையில் கைமாறும். புத்தகங்களும் பெரும்பாலும் அவ்வாறே. விடுதியில் இடம் கிடைக்காதவர்கள் வெளியே அறை எடுத்தால் கணக்கு வேறு. சென்னையில் அது இன்னும் வேறு.

உறைவிடப் பயிற்சி ஆண்டில் மாத உதவித்தொகை வழங்கப்படுகிறது. பல மாணவர்களுக்கு அதுவே முதல் வருமானம். அதே ஆண்டில் முதுநிலை நீட் தேர்வுக்கான இணையவழிப் பயிற்சிக்குப் பணம் கட்டுவோரும் மிகுதி.

பிணைப்பத்திரம்

சில மாநிலங்களில் குறைந்த கட்டணத்துக்கு ஈடாக, படிப்பு முடிந்தபின் அரசுப் பணியாற்ற வேண்டும் என்ற பிணைப்பத்திரம் கேட்கப்படுகிறது. அரியானா 2020-இல் கொண்டுவந்த கொள்கை இதில் மிகக் கடுமையானது: ஏழாண்டுப் பணி, மீறினால் ஏறத்தாழ 40 இலட்சம் ரூபாய். 2022 நவம்பரில் ரோத்தக்கில் மாணவர்கள் போராடியபின் பணிக்காலம் ஐந்தாண்டாகவும், தொகை ஏறத்தாழ 30 இலட்சமாகவும் குறைக்கப்பட்டன. வேறு மாநிலக் கல்லூரிகளை அகில இந்திய ஒதுக்கீட்டில் தெரிவு செய்யும் தமிழ்நாட்டு மாணவர்கள், அந்தந்த மாநிலத்தின் பிணைப்பத்திர நிபந்தனைக்குக் கையொப்பமிட வேண்டியிருக்கும். படிப்பை இடையில் கைவிடுவோரிடம் வாங்கப்படும் தண்டத் தொகையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது.