இணையதளத்தின் நிர்வாகம் யார் வசம்?

ஆஸ்பத்திரியின் இணையதளத்தில் வைத்தியர் வரும் நேரத்தை மாற்றுவதற்கும், பள்ளிக்கூடத்தின் தளத்தில் விடுமுறை அறிவிப்பைச் சேர்ப்பதற்கும், அதைக் கட்டிக்கொடுத்த நிபுணரையே நாடவேண்டிய நிலைமை ஒரு காலத்தில் சர்வசாதாரணமாக இருந்தது. விஷயமும் அதன் தோற்றமும் ஒரே கோப்பில் பிரிக்கவொண்ணாதபடி பின்னிக் கிடந்தமையால், தொலைபேசி எண்ணைத் திருத்தப் புகுந்தவர் பக்கம் முழுவதையும் குலைத்துவிடுவதும் உண்டு.

இச்சங்கடத்துக்குப் பரிகாரமாகத் தோன்றியதே உள்ளடக்க மேலாண்மை அமைப்பு. எழுத்தெல்லாம் தரவுத்தளத்தில் ஒரு புறமும், தோற்றத்தை நிர்ணயிக்கும் ‘தீம்’ மறுபுறமுமாக இருக்க, வாசகர் கேட்கும் தருணத்தில் இரண்டும் சேர்ந்து பக்கமாகின்றன. பெல்ஜியத்து மாணவரான டிரீஸ் பாய்டார்ட் 2001-இல் வெளியிட்ட ட்ரூபல், மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003-இல் ஒரு பழைய நிரலிலிருந்து கிளைக்கச் செய்த வேர்ட்பிரஸ், 2005-இல் மாம்போ என்னும் அமைப்பிலிருந்து பிரிந்த ஜூம்லா ஆகிய மூன்றும் எவரும் இலவசமாக உபயோகிக்கத்தக்க இத்தகைய அமைப்புகள். இன்று உலகின் இணையதளங்களில் பத்துக்கு நான்கு வேர்ட்பிரஸிலேயே இயங்குகின்றன.

ஆனால் கருவி ஒன்றாயிருப்பதால் வேலையும் ஒன்றாகிவிடுவதில்லை. ஆஸ்பத்திரிக்குத் தளம் அமைப்பவர் வர்ணங்களைப் பற்றி யோசிக்குமுன், வைத்தியரின் பெயர், துறை, வரும் நேரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் வகுத்துவிட்டாரானால், அலுவலகக் குமாஸ்தா ஒரே இடத்தில் செய்யும் திருத்தம் அந்த வைத்தியரின் பக்கத்திலும், துறைப் பக்கத்திலும், முகப்பிலும் தானாகவே பிரதிபலிக்கும். ஜவுளிக்கடைக்கோ சரக்கின் இருப்பும் பணம் செலுத்தும் வழியுமே பிரதானம். இந்தப் பேதங்களை ஆராயாமல், விலைக்கு வாங்கிய ஒரே ‘தீம்’-ஐ எல்லோருக்கும் மாட்டி, கூடுதல் வசதிகளைச் சேர்க்கும் ‘பிளக்-இன்’கள் இருபதைத் திணித்துக் கொடுப்பவரை வடிவமைப்பாளர் என்று நான் சொல்லமாட்டேன். அழகு குறைவது சிறிய நஷ்டம். வேர்ட்பிரஸ் தளங்களில் விஷமிகள் நுழைவது பெரும்பாலும் புதுப்பிக்காமல் விடப்பட்ட பிளக்-இன்களின் வழியாகவே என்பதுதான் பெரிய அபாயம்.

தமிழ்ப் பத்திரிகைக்குத் தளம் அமைப்பவருக்கு விசேஷமான ஒரு தொல்லையும் உண்டு. தலைப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானாக உண்டாக்கும் முகவரிப் பகுதி 200 குறிகளுக்குள் அடங்கவேண்டும்; தமிழின் ஒவ்வோர் எழுத்துக்குறியும் அதில் ஒன்பது குறிகளாக விரிவதால், இருபத்திரண்டு எழுத்துக்குறிகளுக்குள் முகவரி அறுந்துபோகிறது. புள்ளியும் கொம்பும் தனித்தனியே கணக்கில் சேர்வதால், இரண்டு மூன்று சொற்களுக்குமேல் பெரும்பாலும் தாங்காது. சுருக்கமான முகவரியைக் கையால் எழுதும் பழக்கத்தை ஆசிரியர் குழுவுக்கு முதல்நாளே கற்பித்துவிடுவது உசிதம்.

தளத்தை ஒப்படைக்கும் நாளில் கேட்டுப் பெறவேண்டியவற்றை வாடிக்கையாளர்களில் பலர் கேட்பதே இல்லை. டொமைன் தம் பெயரிலேயே பதிவாகியிருக்கிறதா, ஹோஸ்டிங் கணக்கின் பாஸ்வேர்டும் நிர்வாகி உரிமையும் தம்மிடம் வந்தனவா, பேக்கப் எங்கே சேமிக்கப்படுகிறது, புதுப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பவற்றை எழுத்துமூலம் பெற்றுக்கொண்ட பிறகே, அன்பர்கள் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கவேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்.